அரே: வரிசையா, அணியா?

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி சர்வர் அறையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன், “அண்ணாச்சி, கதவுல தமிழ்ல எழுதி ஒட்டணுமாம், ஸ்டோரேஜ் அரேன்னா ‘சேமிப்பக வரிசை’ன்னு போட்டிரட்டுமா?” என்று கேட்டான். வரிசை ரேஷன் கடையில் நிற்பதுலே, இது வேற என்றேன். பல வட்டுகளை (டிஸ்க்) ஒரே பெட்டியில் சேர்த்து ஒன்றாக இயக்கித் தரவைச் சேமிப்பதுதான் ஸ்டோரேஜ் அரே.

ஆங்கில அரே பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, ஒழுங்குபடுத்து, ஆயத்தமாக்கு என்று பொருள். அதற்கும் பின்னால் போனால் ஜெர்மானிய வேர் ஒன்று இருக்கிறது, ‘ரெடி’ என்ற சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான். போருக்குப் படையை நிறுத்துவதும் அரே, பட்டு உடுத்தி நகை பூட்டிக்கொள்வதும் அரே. இந்த இரண்டு பொருளும் ஒட்டிக்கொண்டிருக்கிற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: அணி. முன்னணி, பின்னணி, பேரணி எல்லாம் படை நிறுத்துகிற பேச்சு, அணிகலன் நகை. தற்செயல்தான், ஆனால் இவ்வளவு பொருத்தமாக வேறு சொல் கிடைக்காது. (பிளஸ் டூ கணக்கில் மேட்ரிக்ஸும் அணிதான், அதனால் ‘சேமிப்பு அணி’ என்று சேர்த்தே சொல்ல வேண்டும்.)

அம்பாசமுத்திரம் பக்கம் ஆச்சி வீட்டில் தானியம் கொட்டி வைக்கும் குலுக்கை மூன்று இருந்தது. ஒன்றில் நெல், மற்றதில் உளுந்து, இன்னொன்றில் எப்போதும் எதுவோ. ஒன்றை எலி குடைந்தால் அதில் கிடந்தது போனதுதான், பக்கத்துக் குலுக்கை கை கொடுக்காது. அது வரிசை. அணியில் ஒருவன் விழுந்தால் மற்றவர்கள் ஈடுகட்டுவார்கள். 1988-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துப் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய ரெய்டு கட்டுரை சொன்னதும் கிட்டத்தட்ட இதைத்தான்: விலை குறைந்த சின்ன வட்டுகளை அணியாக நிறுத்தி, உபரித் தகவலையும் சேர்த்து எழுதி வைத்தால், ஒன்று செத்தாலும் தரவு பிழைக்கும். இதில் பல வகை உண்டு, ரெய்டு 5 ஒரு வட்டு சாவதைத் தாங்கும், 6 இரண்டைத் தாங்கும். சும்மா காத்திருக்கும் ஸ்பேர் வட்டைப் ‘பின்னணி வட்டு’ என்று சொல்ல எனக்கு ஆசை, யாரும் கேட்கமாட்டார்கள்.

இந்த அணியிடம் வேலை வாங்க, கட்டளையைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் லைன் உண்டு, அதைக் ‘கட்டளை வரி’ என்கிறார்கள். எங்கள் ஊரில் கட்டளை என்றால் நெல்லையப்பர் கோவில் கட்டளை, வரி என்றால் வீட்டு வரி, கேட்டதும் சிரிப்பு வரும். சரி, பழகிவிட்டது, இருக்கட்டும். தனிப்பெட்டியாக இருக்கும் சேமிப்பு அணிக்கு எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையும் இணைப்பு) வழியாக உள்ளே போய், ஹெச்பிஇ கம்பெனியின் எம்எஸ்ஏ வகை என்றால் ‘ஷோ டிஸ்க்ஸ்’ என்று அடித்தால், எந்த வட்டு அணியில் நிற்கிறது, எது ஸ்பேர், எது சும்மா கிடக்கிறது என்று பட்டியல் வரும். ஒருமுறை அவசரத்தில் அந்தப் பட்டியலைச் சரியாகப் பார்க்காமல், செத்த வட்டை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த நல்ல வட்டை உருவிவிட்டேன். ரெய்டு 6 என்பதால் தரவு தப்பியது. திரும்பச் செருகினால் அதற்கு ‘லெஃப்ட்ஓவர்’ என்று பேர் போட்டது. அதன் பழைய அடையாளத் தகவலைத் துடைத்தால்தான் மறுபடி சேர்க்கலாம். அதிலிருந்து, உருவப்போகும் வட்டின் விளக்கை ‘செட் லெட்’ கட்டளையால் எரியவிட்டு, கண்ணால் பார்த்த பிறகுதான் கை வைப்பேன்.

லெஃப்ட்ஓவருக்கு ‘மிச்சம்’ என்று அகராதி சொல்லும். நான் ‘அணி பிரிந்த வட்டு’ என்பேன். தம்பி கதவில் ‘சேமிப்பு அணி’ என்று ஒட்டிவிட்டான். வாட்ச்மேன் தாத்தா பார்த்துவிட்டு, “உள்ளே கிரிக்கெட் ஆளுகளா இருக்காவ?” என்று கேட்டாராம்.