அகதி, ஏதிலி, அடைக்கலம்

"நீரே கதி" என்று ஜெபிக்கிறோம். "என் கதி என்ன ஆகுமோ" என்று புலம்புகிறோம். இந்தக் கதிதான் அகதி என்ற சொல்லுக்குள்ளும் இருக்கிறது. வடமொழியில் கதி என்றால் செல்லுதல், போகும் வழி. போய்ச் சேரும் இடம், புகலிடம் என்ற பொருள்களும் அதற்கு உண்டு. நீதி அநீதி ஆவதுபோல, தர்மம் அதர்மம் ஆவதுபோல, முன்னால் ஓர் 'அ' சேர்ந்தால் கதி அகதி ஆகிவிடும். போக வழியில்லாதவர், ஒதுங்க இடமில்லாதவர் என்பது பொருள்.

பழைய வழக்கில் இந்தச் சொல்லுக்கும் நாட்டு எல்லைக்கும் சம்பந்தம் இல்லை. சொந்த ஊரிலேயே நாதியற்றுக் கிடப்பவரும் அகதிதான். "அகதிக்குத் தெய்வமே துணை" என்ற பழமொழி அந்தப் பொருளில் பிறந்தது. எல்லை கடந்து ஓடி வந்தவர் என்ற பொருள் பின்னால் ஏறியது. 1951-ல் ஜெனீவாவில் உருவான ஐ.நா. உடன்படிக்கை அதற்குச் சட்ட வடிவம் கொடுத்தது. இனம், சமயம், நாட்டுரிமை, ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது, அரசியல் கருத்து ஆகியவற்றில் ஏதாவது ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தால் நாட்டுக்கு வெளியே இருப்பவர், அந்த அச்சத்தால் திரும்ப முடியாதவர், அகதி. இந்தியா அதில் கையெழுத்திடவில்லை.

தூய தமிழில் இதற்கு ஏதிலி என்கிறோம். ஈழத்து எழுத்துகளில் இது நன்றாக வேரூன்றிய சொல். 'ஏதில்' என்றால் அயல், தொடர்பின்மை. "ஏதிலார் குற்றம்போல் தங்குற்றம் காண்கிற்பின்" என்னும் குறளில் ஏதிலார் என்பது அயலாரைத்தான். இன்றைக்குக் கேட்பவர் காதில் 'ஏதும் இல்லாதவர்' என்றும் அது விழுகிறது. நல்ல சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அகதி, ஏதிலி இரண்டுமே வந்தவரிடம் என்ன இல்லை என்பதைச் சொல்கின்றன. கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கும் நம்மைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

முகாமில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அகதி என்ற சொல் எப்படி வலித்திருக்கும்! 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களின் குடியிருப்புகளைத் தமிழ்நாட்டில் 'அகதிகள் முகாம்' என்றே பல ஆண்டுகள் அழைத்தார்கள். 2021 ஆகஸ்ட்டில்தான் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றும் அறிவிப்பு சட்டமன்றத்தில் வந்தது. பெயர் மாறியதால் குடியுரிமை வந்துவிடாது. என்றாலும் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளையைக் கதியற்றவள் என்று கூப்பிடாமல் இருப்பது சிறிய விஷயம் இல்லை.

சரி, வேதாகமம் என்ன சொல் வைத்திருக்கிறது? எபிரேயத்தில் 'கேர்'. தன் மண்ணை விட்டு வந்து, வேறொரு மக்களிடையே அவர்கள் தயவில் வாழ்பவர். அநாதைக்கும் விதவைக்கும் பக்கத்திலேயே இந்தச் சொல் திரும்பத் திரும்ப வரும். தமிழ் வேதாகமம் இதை அந்நியன் என்றும் பரதேசி என்றும் மொழிபெயர்த்தது. பரதேசி என்றால் பிற தேசத்தவர், அவ்வளவுதான். அதையே நாம் தெருவில் வசவுச் சொல்லாக்கிவிட்டோம். ஆனால் பேதுருவின் முதல் நிருபம் விசுவாசிகளையே "அந்நியர்களும் பரதேசிகளுமாயிருக்கிற" என்றுதான் அழைக்கிறது. திருச்சபையின் பெயர்களில்கூட இந்த நினைவு ஒளிந்திருக்கிறது. நாம் பங்கு என்று சொல்வதை ஆங்கிலத்தில் பாரிஷ் என்கிறார்கள். அதன் மூலம் 'பரோயிக்கியா' என்ற கிரேக்கச் சொல். அந்நிய மண்ணில் தங்கி வாழ்தல் என்று அர்த்தம்.

உபாகமம் 10-ஆம் அதிகாரத்தை அந்தப் பழமொழியோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். தேவன் அந்நியன்மேல் அன்புவைத்து அவனுக்கு உணவும் உடையும் கொடுக்கிறவர் என்கிறது 18-ஆம் வசனம். 'அகதிக்குத் தெய்வமே துணை' என்பதும் கிட்டத்தட்ட இதேதான். பழமொழி அங்கே நின்றுவிடுகிறது. வேதாகமம் நிற்பதில்லை. அடுத்த வசனமே நம்மைப் பார்த்துத் திரும்புகிறது: நீங்களும் எகிப்தில் அந்நியராயிருந்தீர்கள், ஆகவே அந்நியரை நேசியுங்கள். வந்தவர் நல்லவரா, நம்மவரா என்ற பேச்சே அங்கே இல்லை. இயேசுவும் கைக்குழந்தையாக அதே எகிப்துக்கு, ஏரோதுக்குப் பயந்து, இராத்திரியோடு இராத்திரியாகக் கொண்டுபோகப்பட்டவர்.

ஆங்கிலத்தில் 'ரெப்யூஜி' என்ற சொல் பிறந்த கதையும் ஒரு கிறிஸ்தவக் கதைதான். பிரான்சில் புராட்டஸ்டண்ட் மக்களுக்கு வழிபாட்டு உரிமை தந்த நாந்து சாசனத்தை 1685-ல் பதினான்காம் லூயி மன்னர் ரத்து செய்தார். ஆலயங்கள் இடிக்கப்பட்டன. ஹியூகனோ எனப்பட்ட அந்த மக்கள் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் இங்கிலாந்துக்கும் ஹாலந்துக்கும் ஜெர்மன் நிலங்களுக்கும் ஓடினார்கள். லண்டன் ஸ்பிட்டல்பீல்ட்ஸில் பட்டு நெய்தவர்களில் பலர் இவர்களே. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன அந்தச் சொல் முதலில் குறித்தது இவர்களைத்தான்.

ஓட முடியாதவர்களும் ஓட மறுத்தவர்களும் மலைப்பகுதிகளில் ஒளிந்து வழிபட்டார்கள். அப்படிப்பட்டவர்களின் சந்ததியார் வாழும் ஒரு சிற்றூர் லெ ஷம்போன் சுர் லிஞோன். இரண்டாம் உலகப்போரின்போது அதன் போதகர் ஆந்த்ரே த்ரோக்மே. அவர் மனைவி மக்தா. ஒரு குளிர்காலத்தில் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதப் பெண் ஒருவர் போதகர் வீட்டுக் கதவைத் தட்டினார். மக்தா அவரை உள்ளே வரச் சொன்னார். அதற்குப் பிறகு அந்த ஊரும் சுற்றியுள்ள பண்ணை வீடுகளும் ஆயிரக்கணக்கானோரை ஒளித்து வைத்துக் காத்தன. பிள்ளைகள் விடுதியைப் பார்த்துக்கொண்ட உறவினர் தானியேல் த்ரோக்மேயை நாஜிகள் பிடித்துப்போனார்கள். 1944-ல் மைதானெக் வதைமுகாமில் அவர் இறந்தார். தங்கள் முன்னோர் துரத்தப்பட்டதை அந்த ஊர்மக்கள் மறக்கவில்லை. உபாகம வசனத்துக்கு இதைவிட நல்ல உரையை நான் படித்ததில்லை.

கிரேக்கத்தில் 'க்செனோஸ்' என்றால் அந்நியர். விருந்தினரும் அதே சொல்தான். மத்தேயு 25-ல் "அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்" என்னும் இடத்தில் இருப்பது அது. எபிரெயர் 13-ல் "அந்நியரை உபசரிக்க மறவாதிருங்கள்" என்று வருவது 'பிலோக்செனியா', அந்நியரை நேசித்தல். இதற்கு நேரான தமிழ்ச்சொல் நம்மிடம் முன்பே இருக்கிறது: விருந்தோம்பல். விருந்து என்றால் முதலில் புதுமை. "விருந்தே தானும் புதுவது புனைந்த யாப்பின் மேற்றே" என்று தொல்காப்பியம் அந்தப் பொருளில்தான் பேசுகிறது. அப்புறம் அது புதிதாக வந்தவரைக் குறித்தது. சொந்தக்காரருக்குப் பிரியாணி போடுவது பிற்கால அர்த்தம்.

இவ்வளவும் சொன்னபின் என் பரிந்துரை அடைக்கலம் என்ற சொல். சிலப்பதிகாரத்தில் அதன் பெயரிலேயே ஒரு காதை உண்டு. மதுரைக்கு வெளியே சமணத் துறவி கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்குலத்து மாதரியிடம் ஒப்படைக்கும் இடம் அது. ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் கட்டிய ஆலயம் அடைக்கல மாதாவுக்கு. நம் சபைகளில் அடைக்கலம், அடைக்கலராஜ் என்ற பெயர்கள் எத்தனை! வேதாகமத்தில் அடைக்கலப்பட்டணங்கள் ஆறு. கைப்பிசகாகக் கொலை செய்துவிட்டவர் அங்கே ஓடலாம், அவர் பரதேசியாயிருந்தாலும் ஓடலாம். அவன் வாசலில் நின்று தன் காரியத்தைச் சொல்ல வேண்டும். ஊர் மூப்பர்கள் அவனைச் 'சேர்த்துக்கொண்டு' குடியிருக்க இடம் கொடுக்க வேண்டும் என்கிறது யோசுவா 20. மத்தேயுவில் இயேசு சொல்லும் அதே தமிழ் வினை!

சட்டப் பேச்சில் அகதி என்றே எழுதுங்கள். உரிமை கேட்கும்போது அந்தச் சொல்லுக்கு வலு உண்டு. ஒற்றைச் சொல் வேண்டுமென்றால் ஏதிலி. சபை ஜெபத்திலும் அறிவிப்பிலும் 'அடைக்கலம் தேடி வந்தோர்' என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால், கேட்கிறவர்களில் யாராவது ஒருவர், யார் அடைக்கலம் கொடுத்தது என்று கேட்பார்.