வீட்டு சைக்கிளுக்கு முதலில் ஒரு ஃபேன் போடுங்கள்

தெருவில் ஒரு மணி நேரம் அலுக்காமல் சைக்கிள் மிதிக்கிறவர்கூட, வீட்டில் உடற்பயிற்சி சைக்கிளில் ஏறினால் பத்தாவது நிமிடமே கடிகாரத்தைப் பார்க்கிறார். கொஞ்ச நாளில் அதன் கைப்பிடியில் துண்டு காயத் தொடங்கிவிடும். கேட்டால், சுவரையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் மிதிப்பது என்பார். நான் சுவரைவிடச் சூட்டின்மேல்தான் அதிகம் பழி போடுவேன்.

ஒரு சின்னக் கணக்கு. தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் 20 முதல் 25 சதவீதம்தான் பெடலுக்குப் போகிறது, மிச்சமெல்லாம் வெப்பம். பெடலில் 100 வாட் கொடுத்தால் உடம்புக்குள் 300 முதல் 400 வாட் வரை சூடு கிளம்பும். தெருவில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு எதிர்க்காற்று சும்மா கிடைக்கிறது. வீட்டில் சக்கரம் மட்டும்தான் சுற்றுகிறது. தோலை ஒட்டி, சூடும் ஈரமுமான ஒரு காற்றுப் படலம் நகராமல் நின்றுவிடுகிறது.

ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். மேலே சொன்ன சூட்டை ஒரு மணி நேரம் சமாளிக்க அரை லிட்டர் சொச்சம் வியர்வை போதும். ஆனால் அது ஆவியாக வேண்டும். சொட்டிக் கீழே விழுந்த வியர்வையால் தரை நனைவதைத் தவிர ஒரு பயனும் இல்லை. சென்னை மாதிரிப் புழுக்கமான ஊர்களில் பாதிக்கு மேல் அப்படித்தான் வீணாகிறது என்று தோன்றும்.

சூடு வெளியேறாதபோது உடம்பு இரத்தத்தைத் தோல் பக்கம் திருப்பிவிடுகிறது. வியர்த்து வியர்த்து இரத்தத்தில் நீரும் குறைகிறது. ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் இரத்தத்தின் அளவு குறைய, அதை ஈடுகட்டத் துடிப்பு கூடுகிறது. அதே வேகம், பெடலில் அதே இறுக்கம்தான். ஆனாலும் அரை மணி நேரத்துக்குப் பிறகு நாடி ஏறியிருக்கும், நமக்கும் “ஐயோ போதும்” என்றிருக்கும்.

அதனால் சீலிங் ஃபேனை மட்டும் நம்பாமல், ஒரு டேபிள் ஃபேனை முன்னால், நெஞ்சுக்கு நேராக வையுங்கள். ஈரப் படலத்தை அது தள்ளிக்கொண்டே இருக்கும். மே மாதத்தில் விடியற்காலையே நல்லது.

அப்புறம், எவ்வளவு கடினமாக மிதிப்பது? மிதித்தபடியே ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச்சு துண்டு துண்டாக உடைகிற அந்த எல்லையைத் தாண்டினால் பெரும்பாலானோருக்கு இன்பம் சட்டென்று சரிகிறது. பாட்டு உதவுவதும் எல்லைக்கு இந்தப் பக்கம்தான். மிதமான வேகத்தில் அது களைப்பின் உணர்வைக் குறைக்கும். மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டால், எந்தக் குத்துப்பாட்டு போட்டாலும் கவனம் நெஞ்சுக்கும் தொடைக்கும் போய்விடும்.

2016இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு குழுவினர் 15 நிமிட சைக்கிள் பயிற்சியை லேசாகத் தொடங்கிக் கடினமாக முடித்தார்கள். மற்றக் குழுவினர் அதையே தலைகீழாகச் செய்தார்கள். கடினத்தில் தொடங்கி லேசாக முடித்தவர்களுக்கே முடித்த பிறகு மனநிலை நன்றாக இருந்தது. பின்னால் நினைத்துப் பார்த்தபோதும் அவர்களுக்கே அது இனிமையாகப் பட்டது. நாளைக்கும் சைக்கிளில் ஏறுவோமா என்பதை இந்த நினைவும் கொஞ்சம் தீர்மானிக்கும் அல்லவா?

சீட்டின் உயரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். ரோட்டில் மேடு பள்ளம் வந்தால் தானாகவே எழுந்து மிதிப்போம். வீட்டில் அந்த வாய்ப்பு இல்லை, அதனால்தான் பின்புறம் மரத்துப்போகிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை வேண்டுமென்றே எழுந்து நின்று மிதியுங்கள். உடம்பு சூடான பிறகு, இறுக்கம் கூட்டும் குமிழைத் திருப்பிக் கடினமான பகுதியை முதல் பாதியிலேயே முடித்துவிடுங்கள். கடைசி ஐந்து நிமிடம் குமிழைத் தளர்த்திவிட்டு, ஃபேனை மட்டும் முழு வேகத்திலேயே ஓடவிடலாம்.