செம்பை மறைத்த வெள்ளி

1518 வாக்கில் டென்மார்க் மன்னர் இரண்டாம் கிறிஸ்டியானுக்குப் பணம் அவசரமாகத் தேவைப்பட்டது. ஸ்வீடனோடு போர், கூலிப்படைக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அப்போது வந்தவைதான் 'கிளிப்பிங்' நாணயங்கள். தகட்டைக் கத்தரியால் வெட்டிய சதுரத் துண்டுகள், வட்டமாக்கக்கூட மெனக்கெடவில்லை. 14 பென்னிங் (அன்றைய டேனிஷ் சில்லறைக் காசு) மதிப்பு வைத்தார்கள், உள்ளே வெள்ளியோ மிகக் குறைவு, மீதி செம்பு.

இப்படி மாற்று, அதாவது வெள்ளியின் தூய்மை அளவு, குறைந்த நாணயமும் பட்டறையை விட்டு வரும்போது வெள்ளைவெளேரென்று வர வழி இருந்தது. முலாம் எதுவும் பூச வேண்டாம்.

வெள்ளியும் செம்பும் உருகிய நிலையில் ஒன்றாகக் கலந்திருக்கும். இறுகும்போது பிரிந்துவிடும்: வெள்ளி மிகுந்த துகளும் செம்பு மிகுந்த துகளும் அருகருகே நிற்கும். வார்த்த கட்டியை அடித்துத் தகடாக்குவார்கள். அடிக்க அடிக்க உலோகம் விறைத்து விளிம்பில் வெடிக்கும் என்பதால், நடுநடுவே நெருப்பில் காய்ச்சி இளக்க வேண்டும். சூட்டில் மேற்பரப்புச் செம்பு காற்றோடு சேர்ந்து கருத்த ஆக்சைடாகிறது; வெள்ளிக்கு ஒன்றும் ஆவதில்லை. அப்புறம் வெட்டிய துண்டுகளை, வைன் பீப்பாயில் படியும் புளிப்பு உப்பும் சாதாரண உப்பும் கலந்த நீரில் கொதிக்க வைப்பார்கள். புளிப்பு அந்த ஆக்சைடைக் கரைத்துவிடும். மிஞ்சுவது கடற்பஞ்சு போலத் துளைத்துளையான வெள்ளித் தோல்.

கடைசி வேலை சுத்தியலுடையது. அடி அச்சு மரக்கட்டையில் ஊன்றியிருக்கும். அதன்மேல் துண்டை வைத்து, மேல் அச்சைக் கையில் பிடித்து ஓங்கி அடித்தால் உருவம் பதியும். அதே அடியில் துளைகளும் நசுங்கி மூடிக்கொள்ளும். அடி நேராக விழுவது மேல் அச்சில்தான், அதனால் அதுவே சீக்கிரம் தேயும்.

இதை வெறும் மோசடி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாற்று உயர்ந்த நாணயத்துக்கும் இதே குளியல்தான். ஐரோப்பிய நாணயச்சாலைகளில் அது அன்றாட வேலை. அந்தத் திறமையைப் போர்ச் செலவுக்கு வளைத்ததுதான் தவறு. நாணயம் கைமாறிக் கைமாறித் தேயும்போது, மேடான இடங்களில் முதலில் செம்பு எட்டிப் பார்க்கும். கிளிப்பிங்கை மக்கள் வெறுத்தார்கள். 1523-இல் மன்னர் நாட்டை விட்டே வெளியேறினார். காரணங்கள் பல, இந்த வெறுப்பும் அவற்றோடு சேர்ந்தது.

வெள்ளித் தோல் இன்றைய கருவிகளையும் ஏமாற்றும். எக்ஸ் கதிர் பாய்ச்சி அளந்தால் கிடைப்பது மேற்பரப்பின் கணக்கு மட்டுமே. மண்ணில் புதைந்து கிடந்த நாணயமென்றால் மேலே இருக்கும் செம்பு இன்னும் அரித்துப் போயிருக்கும். ஆகவே உண்மையான மாற்று தெரிய வேண்டுமானால் விளிம்பில் நுண்துளையிட்டு உள்ளிருந்து துகள் எடுக்கிறார்கள், அல்லது ஆழமாக ஊடுருவும் நியூட்ரான்களைப் பயன்படுத்துகிறார்கள்.