டீஹியூமிடிஃபையரை 'உலர்த்தி' ஆக்காதீர்கள்

"கேரேஜில் நிற்கும் கார் துருப்பிடிக்காமல் இருக்க ஓர் உலர்த்தி வாங்கி வையுங்கள்." இந்த வாக்கியத்தை எத்தனை இடத்தில்தான் படிப்பது? கருவியோடு வரும் கையேட்டில், காணொளியின் கீழே ஓடும் எழுத்தில், கார் பராமரிப்புக் கட்டுரைகளின் தமிழாக்கத்தில், எங்கும் இதே உலர்த்தி. சொல்ல வந்த பொருள் காற்றிலிருந்து ஈரத்தைப் பிரித்தெடுக்கும் கருவியான டீஹியூமிடிஃபையர். ஈரத்தை எடுத்தால் உலரும், ஆகவே உலர்த்தி, அவ்வளவுதான் யோசனை. இதைவிட மோசமாக 'ஈரப்பதமூட்டி' என்று நேர் எதிர்ப்பொருளில் போட்டுவிடுகிறவர்களும் உண்டு, முன்னால் இருக்கும் 'டீ' அவர்கள் கண்ணில் படவில்லை. ஆனால் அது வெறும் கவனக்குறைவு, யாராவது சுட்டிக்காட்டினால் திருத்திவிடுவார்கள். உலர்த்தியை அப்படித் திருத்த முடியாது, ஏனென்றால் அதைத் தெரிந்தே, நல்ல தமிழ் என்று நம்பி எழுதுகிறார்கள்.

மூலச் சொல்லைச் சட்டென்று முடித்துவிடலாம். லத்தீனில் 'ஊமிதுஸ்' என்றால் நனைந்தது. ஆங்கிலச் சொல்லின் முன்னால் இருக்கும் 'ஹ' மண்ணைக் குறிக்கும் 'ஹூமுஸ்' என்ற சொல்லோடு குழம்பிப் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. அதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது ஹியூமிடிட்டி. நீக்கலைக் குறிக்க ஒரு முன்னொட்டும் செய்யும் கருவியைக் குறிக்க ஒரு பின்னொட்டும் சேர்ந்தால் டீஹியூமிடிஃபையர்.

தமிழில் ஹியூமிடிட்டிக்கு ஈரப்பதம் என்ற சொல் நன்றாகவே நிலைத்துவிட்டது. ஈரம் + பதம். மகரம் கெட்டு வல்லினம் மிகுந்திருக்கிறது. பதம் என்றால் வடசொல் ஆயிற்றே, 'ஈரத்தன்மை' என்று மாற்றுங்கள் என்று சில தூய்மைவாதிகள் சொல்வார்கள். சொல்லைக் குறிக்கும் பதம் வேறு, பக்குவத்தைக் குறிக்கும் பதம் வேறு. பாகு பதம் பார்க்கிறோமே, தோலைப் பதப்படுத்துகிறோமே, அந்தப் பதம் இது. ஒன்று எந்த அளவில், எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்வது. இலங்கைத் தமிழில் ஈரப்பதன் என்பார்கள். அறம் அறன் ஆவதுபோல், நலம் நலன் ஆவதுபோல் கடைப்போலி, இரண்டும் ஒன்றே. அங்கே ரிலேட்டிவ் ஹியூமிடிட்டிக்குச் சாரீரப்பதன் என்று ஒரே மூச்சில் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், எனக்கு அது பிடிக்கும். தமிழ்நாட்டில் ஒப்பு ஈரப்பதம், சார்பு ஈரப்பதம் இரண்டும் ஓடுகின்றன, எதை எழுதினாலும் புரியும். இயந்திரத்திடம் மொழிபெயர்க்கக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காதவர்கள் 'உறவினர் ஈரப்பதம்' என்று எழுதுவதுதான் கொடுமை. மாமா, சித்தப்பா எல்லாரும் நனைந்து வந்து கேரேஜில் நிற்பதாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த 'ஒப்பு' என்பதில்தான் விஷயமே இருக்கிறது. காற்றால் ஒரு வெப்பநிலையில் இவ்வளவு நீராவியைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று ஓர் எல்லை உண்டு. 10 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றில் அதிகபட்சம் சுமார் 9 கிராம், 20 டிகிரியில் 17 கிராம், 30 டிகிரியில் 30 கிராம். அந்த எல்லையில் எத்தனை விழுக்காடு இப்போது நிரம்பியிருக்கிறது என்பதுதான் ஒப்பு ஈரப்பதம். ஆகவே தண்ணீரைத் தொடாமலேயே, வெப்பநிலையை மட்டும் மாற்றி இந்த எண்ணை ஏற்றலாம், இறக்கலாம்.

இனி உலர்த்திக்கு வருவோம்.

உலர்த்துவது என்றால் தமிழில் நனைந்த ஒரு பொருளை உலர்த்துவது. துணியை உலர்த்துகிறோம், கூந்தலை உலர்த்துகிறோம், தானியத்தை உலர்த்துகிறோம். துணி உலர்த்தி, கூந்தல் உலர்த்தி என்ற கருவிகளுக்கும் பெயர் அப்படித்தான் வந்தது, இரண்டுமே சூடான காற்றை ஊதுபவை. இப்போது ஒருவர் கேரேஜுக்கு உலர்த்தி வேண்டும் என்று படிக்கிறார். அவர் மனத்தில் எது வரும்? சூடு வரும், காற்றை ஊதும் ஏதோ ஒன்று வரும். நேரே போய் ஒரு ஹீட்டரை வாங்கி வைப்பார். அவர்மேல் தப்பில்லை, சொல் அவரை அங்கேதான் அனுப்புகிறது.

ஹீட்டர் வைத்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். 20 டிகிரியில் 80 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்றை 30 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 44 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். ஈரமானியைப் பார்த்து அவர் மகிழ்ந்துபோவார். ஆனால் காற்றில் இருந்த தண்ணீரில் ஒரு சொட்டுகூட வெளியேறவில்லை. ஹீட்டரை அணைத்ததும் எண் பழையபடி ஏறும், இரவு இன்னும் குளிர்ந்து 16 டிகிரிக்குப் போனால் அதே தண்ணீர் கார் கூரையிலும் பிரேக் தட்டிலும் முத்து முத்தாகக் கோத்து நிற்கும். நாள் முழுக்க, குளிர்காலம் முழுக்க அணைக்காமல் சூடாக்கிக்கொண்டே இருந்தால் பயன் உண்டு, மறுக்கவில்லை, மின்கட்டணம் அவர் பாடு. மண்ணெண்ணெய் ஹீட்டரோ புகைபோக்கி இல்லாத எரிவாயு ஹீட்டரோ வைத்தால் கதை இன்னும் மோசம். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் தண்ணீர் நீராவியாக வரும், அது மொத்தமும் அந்த அறைக்குள்ளேயே. உலர்த்தப் போய் நனைத்த கதைதான். மூடிய அறையில் நெருப்பு எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடு ஆபத்து தனி.

டீஹியூமிடிஃபையர் செய்வது வேறு வேலை. காற்றை இழுத்துக் குளிர்ந்த குழாய்ச் சுருளின்மேல் ஓட்டும், அங்கே நீராவி தண்ணீராகி வாளியில் சொட்டும், காற்று மட்டும் திரும்பிப் போகும். காலையில் போய்ப் பார்த்தால் வாளியில் தண்ணீர் இருக்கும், அது உண்மையாகவே கேரேஜை விட்டு வெளியேறிய தண்ணீர். இந்த வகை 15 டிகிரிக்குக் கீழே திணறும், சுருளில் உறைபனி கட்டிவிடும். குளிரான இடத்துக்கு ஈரத்தை உறிஞ்சும் சுழல்சக்கரம் உள்ள வகைதான் சரி. இப்படி ஹீட்டர் ஒன்று, குளிர்சுருள் ஒன்று, உறிஞ்சி ஒன்று, மூன்றும் மூன்று வழி. மூன்றையும் 'உலர்த்தி' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால் வாங்குகிறவர் எதை வாங்குவார்?

இன்னொரு வாதம் வரும், எனக்குத் தெரியும். 'கடைசியில் கேரேஜ் உலர்ந்து போகிறதல்லவா, பலனைச் சொன்னால் போதாதா?' போதாது. ஏனென்றால் பலனும் அதுவாக இருக்கக் கூடாது. காரை நிறுத்தி வைக்கிறவருக்கு வேண்டியது உலர்ந்த கேரேஜ் இல்லை, அளவான ஈரப்பதம் உள்ள கேரேஜ். 1930களில் வெர்னன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர், கந்தகப் புகை கலந்த காற்றில் இரும்பை வைத்துப் பார்த்தபோது, சுமார் 60 விழுக்காட்டுக்குக் கீழே துரு மெதுவாகவும் அதைத் தாண்டியதும் திடீரென்று வேகமாகவும் ஏறுவதைக் கண்டார். அந்தத் திருப்புமுனையைத்தான் மாறுநிலை ஈரப்பதம் என்கிறோம். பூஞ்சைக்கு இன்னும் கொஞ்சம் மேலே, 70க்கு மேல் போனால் கொண்டாட்டம். சரி, அப்படியானால் 20க்கு இறக்கிவிடலாமே என்றால், தோல் இருக்கை விறைத்து வெடிக்கும், பழைய கார்களில் இருக்கும் மரப் பலகைகள் சுருங்கிப் பிளக்கும். ஆகவே 40க்கும் 55க்கும் நடுவே எங்கேயாவது நிறுத்த வேண்டும், பெரும்பாலும் 50 என்று வைத்துக்கொள்வார்கள். 'உலர்த்தி' என்ற சொல்லில் இந்த நிறுத்தும் இடமே இல்லை. உலர்த்த ஆரம்பித்தால் முழுக்க உலரும்வரை உலர்த்துவதுதான் அந்த வினையின் இயல்பு. அரைகுறையாக உலர்ந்த துணியை யாரும் உலர்ந்தது என்பதில்லை.

அப்படியானால் சரியான சொல் எது? 'ஈரப்பத நீக்கி' என்று நல்ல மொழிபெயர்ப்பாளர்கள் எழுதுகிறார்கள். உலர்த்தியோடு ஒப்பிட்டால் ஆயிரம் மடங்கு மேல். ஆனாலும் ஒரு சின்ன உறுத்தல். பதம் என்பது அளவு, நிலை. அளவைக் குறைக்கலாம், கூட்டலாம், நீக்க முடியாது. வெப்பநிலையை நீக்கினேன் என்று யாராவது சொல்வார்களா? நீங்குவது ஈரம், இறங்குவது ஈரப்பதம். ஆகவே கருவிக்கு 'ஈரநீக்கி' என்பதே போதும். நீளமும் குறைகிறது, பொருளும் நேராகிறது. 'ஈரப்பதக் குறைப்பி' என்றும் சொல்லலாம், இலக்கணமாகக் குற்றமில்லை, வாயில்தான் கொஞ்சம் கல் கடிக்கிறது.

'ஈரமுறிஞ்சி' என்று ஒன்று உண்டு. ஈரம் + உறிஞ்சி. சேர்த்து எழுதினால் ஏதோ முறிந்துபோனதுபோல் தெரிவதால் 'ஈர உறிஞ்சி' என்று பிரித்தே எழுதலாம். ஆனால் அதை டீஹியூமிடிஃபையருக்கு வைக்கக் கூடாது, அது டெசிக்கன்டுக்கு உரிய பெயர், சிலிக்கா ஜெல், கால்சியம் குளோரைடு மாதிரிப் பொருள்களுக்கு. கால்சியம் குளோரைடு ஈரத்தைக் குடித்துக் குடித்துக் கடைசியில் தானே உப்புக் கரைசலாக உருகிவிடும். அந்த டப்பாவைக் காருக்குள் வைத்துக் கவிழ்த்துவிட்டால் துருவைத் தடுக்க வாங்கியதே துருவை வரவழைக்கும். அப்புறம், மூடிய காருக்குள் ஓரிரு பொட்டலம் உதவும், முழுக் கேரேஜுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. 6 மீட்டர் நீள அகலமும் 2.7 மீட்டர் உயரமும் உள்ள கேரேஜின் காற்றை, 30 டிகிரியில், 80இலிருந்து 50 விழுக்காட்டுக்கு இறக்க ஏறக்குறைய 900 கிராம் தண்ணீரை எடுக்க வேண்டும். கதவிடுக்கு வழியாகவும் காங்கிரீட் தரை வழியாகவும் புதிதாக வந்துகொண்டே இருப்பதை இதில் சேர்க்கவே இல்லை.

தரை என்றதும் இன்னொரு சொல் நினைவுக்கு வருகிறது, ஓதம். சுவரிலும் தரையிலும் கீழிருந்து ஏறும் ஈரத்துக்குக் கட்டட வேலை செய்கிறவர்கள் வாயில் இன்றும் இருக்கும் சொல். மொழிபெயர்ப்பாளர்கள் அதைத் தொடுவதே இல்லை, எல்லாவற்றுக்கும் 'ஈரப்பதம்' என்றே போடுகிறார்கள். 'தரையிலிருந்து ஈரப்பதம் வருகிறது' என்று எழுதுகிறார்கள். தரையிலிருந்து வருவது ஓதம் ஐயா, அது காற்றில் கலந்த பிறகுதான் அங்கே ஈரப்பதம் ஏறும். பாலித்தீன் தாள் ஒன்றைத் தரையில் விரித்து நான்கு பக்கமும் நாடா ஒட்டி ஓரிரு நாள் விட்டுப் பார்த்தால், தாளின் அடியில் நீர் கோத்திருந்தால் ஓதம், மேலே கோத்திருந்தால் காற்றின் ஈரம். இரண்டுக்கும் மருந்து வேறு. முதலாவதற்குத் தரையில் ஈரத்தடுப்புப் பூச்சு வேண்டும், ஈரநீக்கி மட்டும் வைத்தால் அது பூமிக்கடியில் இருக்கும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்கும்.

'காற்றோட்டம்' என்ற சொல்லும் இதே மாதிரி அசட்டையாகப் புழங்குகிறது. 'கதவைத் திறந்து காற்றோட்டம் விட்டால் ஈரம் போய்விடும்' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறார்கள். வெளியே 30 டிகிரி, 70 விழுக்காடு என்றால் அந்தக் காற்றின் பனிபடுநிலை, அதாவது அதிலிருக்கும் நீராவி தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 24 டிகிரி. உள்ளே இரவெல்லாம் குளிர்ந்து 20 டிகிரியில் நிற்கும் என்ஜின்மேல் அந்தக் காற்று பட்டதும் வியர்த்துக் கொட்டும். டியூ பாயின்ட்டைப் 'பனிப்புள்ளி' என்று எழுதுவதும் ஒரு பழக்கம், பாயின்ட் என்றால் புள்ளி என்று யாரோ தொடங்கிவைத்தது. அது படத்தில் வைக்கும் புள்ளி இல்லை, பனி படும் நிலை, பனிபடுநிலை என்ற இலங்கை வழக்கு எவ்வளவு தெளிவு பாருங்கள்.

சொல்லை அலட்சியமாகப் பெயர்த்தால் பொருளே காணாமல் போகும் என்பதற்கு ஏசியே சாட்சி. 1902இல் அமெரிக்கப் பொறியாளர் வில்லிஸ் கேரியர் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்குக் கருவி வடிவமைத்தது யாரையும் குளிரவைக்க இல்லை, காற்றின் ஈரத்தால் காகிதம் உப்பி வண்ணங்கள் இடம் பிசகுகின்றன, அதைச் சரிசெய்யத்தான். 'ஏர் கண்டிஷனிங்' என்ற பெயரை 1906இல் வைத்த ஸ்டூவர்ட் கிராமரும் நூற்பாலைக் காற்றில் ஈரப்பதத்தைச் சரியான அளவில் வைப்பதைத்தான் நினைத்தார். நாம் அதைக் 'குளிர்சாதனம்' ஆக்கினோம், ஈரம் முழுசாக வெளியே போய்விட்டது. வளிச்சீராக்கி என்ற இலங்கைச் சொல்லிலாவது சீராக்கல் தப்பிப் பிழைத்திருக்கிறது. பதம் என்ற வேரை வைத்துக்கொண்டு 'காற்றுப் பதனி' என்று வழங்கியிருந்தால் ஈரப்பதத்தோடு ஓர் உறவும் இருந்திருக்கும், காலம் கடந்துவிட்டது, விடுங்கள்.

இவ்வளவு பேசிவிட்டு கேரேஜை மட்டும் கேரேஜ் என்றே எழுதுகிறாயே என்று கேட்கலாம். ஊர்தியகம், சீருந்துக் கொட்டில் எல்லாம் பார்த்திருக்கிறேன். கேரேஜ் என்றால் எது என்று எல்லாருக்கும் தெரியும், அந்தச் சொல்லால் யாரும் தவறான கருவியை வாங்கி வைக்கப் போவதில்லை. எனக்குத் தூய்மை இரண்டாவது, தெளிவு முதலாவது. டீஹியூமிடிஃபையர் என்று அப்படியே எழுதினாலும் எனக்குச் சம்மதம்தான், உலர்த்தி என்று மட்டும் வேண்டாம்.

மிச்சம் இருப்பது ஹியூமிடிஸ்டாட். ஈரப்பதம் குறித்த அளவைத் தாண்டினால் ஈரநீக்கியை ஓட்டி, இறங்கினால் நிறுத்தும் விசை. இதற்கும் 'ஈரமானி' என்றே எழுதிவிடுகிறார்கள், ஆனால் மானி அளந்து காட்டும், அதோடு சரி. இதை 'ஈரப்பதக் கட்டுப்படுத்தி' என்று எழுதுங்கள், நீளமாக இருந்தாலும் பரவாயில்லை; கருவியின் முகப்பில் இடம் போதாவிட்டால் 'ஈரப்பத விசை' என்று சுருக்கிக்கொள்ளலாம்.