கனவுக் குழுவில் சேரும் முன்: சூரிச் உளவியல் மன்றத்தின் கதை

"சுவிஸ் மனநல மருத்துவர் யுங் சொன்ன வழியில் கனவுகளைப் பேசும் குழு ஒன்று இருக்கிறது, சேரலாமா?" என்று என்னிடம் கவுன்சிலிங்குக்கு வருகிறவர்கள் சிலர் கேட்பதுண்டு. சேரலாம். ஆனால் அதற்கு முன், இப்படிப்பட்ட குழுக்களுக்கெல்லாம் மூத்ததான சூரிச் உளவியல் மன்றத்தின் கதையை நான் சொல்லிவிடுவேன்.

உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டிடமிருந்து பிரிந்து வந்த கார்ல் யுங்கைச் சுற்றி 1916இல் உருவானது அது. பணம் கொடுத்தவர் எண்ணெய் அதிபர் ராக்ஃபெல்லரின் மகள் எடித். யுங்கிடம் சிகிச்சைக்கு வந்தவர். முதல் தலைவர் யுங்கின் மனைவி எம்மா. பின்னாளில் நெடுங்காலம் தலைமை வகித்த டோனி வுல்ஃப், யுங்கிடம் சிகிச்சை பெற்று, அவரோடு சேர்ந்து வேலை செய்து, அவருக்குக் காதலியாகவும் இருந்தவர். உறுப்பினர்கள் பலரும் யுங்கிடமோ அவருடைய சகாக்களிடமோ சிகிச்சை பெற்றவர்கள்தான். சிகிச்சை அறையில் ஒருவரின் அந்தரங்கத்தைக் கேட்டவரே மன்றக் கூடத்தில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருப்பார். இதை இன்று இரட்டை உறவு என்கிறோம்; கூடாது என்று எங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லித் தருகிறார்கள். 1920களில் பூசல் முற்றி, யுங்கே சில காலம் விலகி நின்றார்.

அங்கே அறிவு விளைந்தது என்பதும் உண்மை. 1932இல் குண்டலினி யோகம் பற்றி அங்கே நடந்த உரைகளை இன்றும் படிக்கிறார்கள். திருவண்ணாமலை ரமணரைப் பற்றி ஜெர்மன் இந்தியவியல் அறிஞர் ஹைன்ரிஷ் சிம்மர் எழுதிய நூல், யுங்கின் முன்னுரையோடு 1944இல் சூரிச்சில் வெளிவந்தது.

அதே 1944 டிசம்பரில், யூத உறுப்பினர்கள் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மன்ற விதிகளில் ரகசியமாக ஒரு பிற்சேர்க்கை சேர்க்கப்பட்டது. 1950இல்தான் நீக்கினார்கள். மனத்தின் இருட்டை ஆராய வந்தவர்கள் செய்த காரியம் இது. எனக்கு இன்றும் ஆறவில்லை.

முறையான பயிற்சிக்கென்று யுங் நிறுவனம் 1948இல் தனியாகத் தொடங்கப்பட்டது.

ஆகவே, குழுவில் சேரும்போது அது படிப்பதற்கா, சிகிச்சைக்கா என்று முதலில் கேளுங்கள். நடத்துபவர் எங்கே பயின்றவர், நீங்கள் சொல்வது வெளியே போகாதா, நடுவில் விலகினால் சங்கடப்படுத்துவார்களா என்றும் கேட்டுவிடுங்கள். உங்கள் தெரபிஸ்டே நடத்தும் குழு என்றால் வேண்டாம். அப்புறம், ஒரு கனவைச் சொன்ன பிறகு தூக்கம் கெட்டு, பதற்றம் தணியாமல் இருந்தால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்காதீர்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.