துளிக்குள் ஒளிந்திருக்கும் வகுத்தல்

நர்சிங் படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மைக்ரோ டிரிப் செட்டில் மணிக்கு எத்தனை மில்லியோ, நிமிடத்துக்கு அத்தனை துளி என்கிறார்கள். 20 துளி செட்டில் மட்டும் ஏன் மூன்றால் வகுக்க வேண்டும்?"

செட் என்பது நோயாளிக்குச் சலைன் ஏற்றும் குழாய். 1 மில்லியை 20 துளியாக விடுவது 20 துளி செட். துளியிலிருந்தே தொடங்குகிறேன். டிரிப் சேம்பர் எனும், துளி விழுவது தெரியும் சிறு அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயின் நுனியில் திரவம் தொங்குகிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது பரப்பு இழுவிசை. நுனியின் சுற்றளவு எவ்வளவோ, அதற்கேற்ப அந்தப் பிடி. எடை பிடியை மீறியதும் துளி அறுந்து விழும். நுனி குறுகலாக இருந்தால் பிடியும் குறைவு. துளி பெரிதாகும் முன்பே விழுந்துவிடும். அகன்ற நுனியுள்ள செட்டில் 1 மில்லிக்கு 10, 15 அல்லது 20 துளி. மெல்லிய நுனியுள்ள மைக்ரோ செட்டில் 60. எத்தனை என்பது உறையிலேயே அச்சிட்டிருக்கும்.

1 லிட்டர் சலைன் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும் என்றால் மணிக்கு 125 மில்லி. 20 துளி செட்டில் அது மணிக்கு 2500 துளி. 60 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 42. இருபதால் பெருக்கி அறுபதால் வகுப்பதைத்தான் மூன்றால் வகுப்பதாகச் சுருக்கிச் சொல்கிறார்கள். மைக்ரோ செட்டிலோ அறுபதால் பெருக்கி அறுபதால் வகுக்கிறோம், இரண்டும் அடிபட்டுப் போகின்றன. செவிலியர் போட வேண்டிய வகுத்தலை அந்த நுனியின் அகலமே போட்டுவிடுகிறது! எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு அலுக்காத அழகு இது.

கணக்கின் ஒவ்வொரு எண்ணோடும் அலகையும் எழுதுங்கள். மில்லியும் மணியும் அடிபட்டு, துளி மேலேயும் நிமிடம் கீழேயும் மிஞ்ச வேண்டும். தலைகீழாக 60-ஆல் பெருக்கி 20-ஆல் வகுத்தால் 375 வரும். அப்போது துளி கீழே போய் நிற்கும், தவறு பளிச்சென்று தெரிந்துவிடும். நொடிக்கு ஆறு துளிக்கு மேல் என்பதே சந்தேகத்தைக் கிளப்ப வேண்டும்.

ஆனால் தசமப் புள்ளித் தவறு இந்த வலையில் சிக்காது. '.5 மி.கி.' என்பதில் புள்ளி மங்கினால் 5, '5.0' என்பதில் மங்கினால் 50. மருந்து பத்து மடங்காகிறது, அலகோ அதே மி.கி.தான். முன்னால் சுழியம் போட்டு 0.5 என்றும், பின்னால் சுழியம் இல்லாமல் 5 என்றும் எழுதச் சொல்வது இதனால்தான்.

இன்சுலின், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் போன்ற, அளவு தவறினால் ஆபத்தான மருந்துகளுக்கு இன்னொரு செவிலியர், முதல் விடையைப் பார்க்காமல், மருத்துவர் எழுதியதிலிருந்து தாமே கணக்குப் போட வேண்டும். விடையைக் காட்டி "சரிதானே?" என்று கேட்டால் மனம் அந்த விடைக்கே தலையாட்டும். அனுபவசாலிக்கு இது தேவையில்லை என்பது என்னைப் பொறுத்தவரை மூடநம்பிக்கை. இரவில் ஒரே ஒரு செவிலியர் இருக்கும் வார்டில் அந்த இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது? தட்டிய எண்ணின் வேகத்தில் திரவத்தை ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்ப் வாங்கப் பணம் ஒதுக்கும் நிர்வாகங்கள், அதில் எண்ணைத் தட்டப்போகிறவருக்கு அருகில் இன்னொருவரை நிறுத்தவும் ஒதுக்க வேண்டும்.