கன்சென்ட்: ஒப்புதலா, இசைவா?

வடசென்னைக் காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். மீன்பிடித் தடைக்காலத்தில் கை வறண்டுபோய், போனில் ஒரு கடன் ஆப்பை இறக்கி ஐயாயிரம் ரூபாய் வாங்கினார். தவணை ஒரு வாரம் தள்ளியதும் அவருடைய தம்பி, சம்பந்தி, பேரனின் டியூஷன் டீச்சர் வரைக்கும் மிரட்டல் போன் போனது. கேட்டதற்கு, “உங்க கன்சென்ட் வாங்கித்தான் நம்பர் எடுத்தோம்” என்றார்கள். “நான் எப்பப்பா சரின்னு சொன்னேன்? காசு வரணுமேன்னு அமுக்கினேன்” என்றார் அக்கா. அன்றிலிருந்து இந்தச் சொல் என்னை விடவில்லை.

கன்சென்ட்டின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘கான்’ என்றால் சேர்ந்து, ‘சென்டிரே’ என்றால் உணர்தல். இருவர் சேர்ந்து ஒன்றை உணர்வதுதான் அதன் முதல் பொருள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் 13ஆம் பிரிவில் ஏறக்குறைய இதையே சொல்கிறது: ஒரே விஷயத்தை ஒரே பொருளில் இருவரும் ஏற்றால்தான் அது கன்சென்ட். அக்கா அமுக்கியபோது நினைத்தது கடனை. ஆப் எடுத்துக்கொண்டது போனில் இருந்த அத்தனை பேரின் நம்பரை. பட்டன் ஒன்றுதான், பொருள் இரண்டு. நூற்றைம்பது வருடப் பழைய அளவுகோலில் வைத்தாலே இது தேறாது.

சரி, தமிழில் இதற்கு என்ன சொல்?

வீட்டில் நாம் சொல்வது சம்மதம். வடமொழிச் சொல்தான், ஆனால் வாயில் நன்றாகப் பழகிவிட்டது. அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ‘மௌனம் சம்மதம்’ என்ற வழக்குதான் சிக்கல். பெண் தலைகுனிந்து நின்றாலே சம்மதம் என்று எடுத்துக்கொண்ட ஊர் இது. 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மௌனத்தையும், முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டத்தையும் கன்சென்ட்டாக ஏற்பதில்லை. நம்முடைய 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தரவுக்கு உரியவர் தானாகச் செய்த தெளிவான செயல் வேண்டும் என்கிறது.

அரசுத் தமிழில் அதிகம் புழங்குவது ஒப்புதல். எனக்கு இந்தச் சொல்லில் மனம் ஒட்டவில்லை. மேலதிகாரி கீழே வந்த கோப்புக்குத் தருவது ஒப்புதல். மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் தருவது ஒப்புதல். போலீஸ் ஸ்டேஷனில் வாங்குவதோ ஒப்புதல் வாக்குமூலம். வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் ‘ஒத்துக்கோ’ என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த பையன்களுக்கு அதன் எடை தெரியும். அப்புறம், ‘ஒப்புக்கு’ என்றால் பேருக்குச் செய்வது. ஆப்கள் இன்று வாங்குவது பெரும்பாலும் அந்த ஒப்புதல்தான்.

உடன்பாடு பழைய சொல். ‘உடம்பாடு’ என்ற வடிவில் குறளில் (890) இருக்கிறது: மனம் ஒன்றாதவரோடு வாழ்வது, குடிசைக்குள் பாம்போடு சேர்ந்திருப்பது போல. இலக்கணத்தில் இரண்டு உயிர்களைச் சேர்த்துவைக்கும் எழுத்துக்கு உடம்படுமெய் என்று பெயர். லத்தீன் வேருக்கு மிக அருகில் இருப்பது இதுதான். ஆனால் இன்று உடன்பாடு என்றால் தொகுதி உடன்பாடும் கூலி உடன்பாடும்தான் நினைவுக்கு வருகின்றன.

நான் எடுத்துக்கொள்வது இசைவு. இசைதல் என்றால் பொருந்துதல், மனம் ஒத்து இணங்குதல். இது வடசென்னைக்குப் புதிய சொல்லும் அல்ல. எண்ணூரிலும் மணலியிலும் ஆலை நடத்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தர வேண்டிய கன்சென்ட்டுக்குத் தமிழில் இசைவாணை என்று பெயர். அதற்கு நிபந்தனைகள் உண்டு, காலக்கெடு உண்டு, தர மறுக்கவும் செய்யலாம். ஆலைக்குத் தரும் இசைவுக்கே இத்தனை வரம்பு என்றால், ஒரு மனுஷி தன் போனைத் திறந்துவிடுவதற்கு வரம்பு வேண்டாமா?

2023 சட்டத்தின் 6ஆம் பிரிவு அந்த வரம்பைப் போடுகிறது. இசைவு வற்புறுத்தல் இல்லாமல், குறிப்பிட்ட நோக்கத்துக்காக, விவரம் தெரிந்து, நிபந்தனை இன்றித் தரப்பட வேண்டும். தந்த அளவுக்கு எளிதாகத் திரும்பப் பெறவும் வழி வேண்டும். சட்டமே ஓர் உதாரணம் தருகிறது: மருத்துவ ஆலோசனை ஆப் ஒன்று தொடர்பு எண்களையும் கேட்டு, ஒருவர் சரி என்றாலும், அந்தச் சேவைக்கு எண்கள் தேவையில்லை என்பதால் அந்த இசைவு எண்களைப் பொறுத்தவரை செல்லுபடியாகாது. கடன் ஆப்களைப் பொறுத்தவரை, தொடர்பு எண்களைத் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. 2023 சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன; இசைவு பற்றிய பிரிவுகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாதம்.

அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதில் வேண்டுமானாலும் அறிவிப்பைப் படிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. தமிழில் எழுதும்போது ‘தொடர்புகளை அணுக அனுமதி’ என்று எழுதினால் அக்காவுக்கு எதுவும் விளங்காது. அவரிடம் நான் இப்படிக் கேட்டுப் பார்த்தேன்: “உங்க போன்ல இருக்கிற எல்லார் நம்பரையும் நாங்க எடுத்துக்கலாமா?”

“எதுக்கு?” என்றார்.